சிட்டுவை அனுப்பிய பயிற்சிகள்

எனக்கு டீ வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன். நீங்க குடிங்க, ஆறிடப் போகுது.

பல்கலைக்கழக நூலகத்துல யாரைப் பயிற்சிக்கு அனுப்பணும்னு முடிவு பண்றது துணை நூலகர். அதாவது நான். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கீங்களேன்னு விசாரணைக்குக் கூப்பிட்டுக் கேக்குறீங்க. நியாயமான கேள்விதான்.

சிட்டுன்னு நாங்க கூப்பிடுற அந்தப் பொண்ணு எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. தகவல் மேஜையில என் பக்கத்து நாற்காலி. படிக்கிற பிள்ளைங்க என்னைத் தாண்டிப் போய் அவ முன்னாடிதான் நிப்பாங்க. "அக்கா, நீல அட்டை, உள்ள ஒரு பாலம் படம் இருக்கும்"னு ஒருத்தன் சொல்லுவான். அவ விறுவிறுன்னு போய் எடுத்துட்டு வந்துடுவா. போற வழியில அவன் சாப்பிட்டானான்னு வேற விசாரிப்பா. ஒரு நாள் அவ மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தப்ப, ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒருத்தி வந்தா. "நான் இருக்கேனேம்மா, கேளு"ன்னேன். "பரவாயில்லைங்க மேடம், அவங்க சாப்பிட்டுட்டே வரட்டும்"னு சொல்லிட்டு என் முன்னாடியே காத்துக்கிட்டு நின்னா. எனக்கு வயிறு எரிஞ்சது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த வாரமே சிட்டுவை ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். வாசகர் உறவு மேலாண்மைன்னு பேரு. அப்ப எனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாமேன்னுதான். "என்னைப் போய் அனுப்புறீங்களேக்கா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

திரும்பி வந்ததும் ஒரு பையன் புள்ளியியல் புத்தகம் கேட்டான். இவ எழுந்திருக்கவே இல்ல. நிமிர்ந்து உக்காந்து, "உங்கள் தகவல் தேவையைச் சற்று விளக்க முடியுமா?"ன்னா. அவன் திருதிருன்னு முழிச்சான். "பரீட்சைக்குக்கா"ன்னான். "அந்தத் தேவையின் நோக்கம்..."னு இவ ஆரம்பிக்கிறதுக்குள்ள ஆளு நழுவிட்டான். எனக்குப் பொறி தட்டினது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். உருப்படியான பயிற்சிங்களும் வரும். அதுக்கெல்லாம் மத்தவங்க போனாங்க. உடல்மொழி, கவனித்துக் கேட்கும் கலை, சேவைத் தர அளவீடு, இதெல்லாம் சிட்டுவுக்கு. ஒண்ணுல கண்ணைப் பார்த்துப் பேசுங்கம்பாங்க, இன்னொண்ணுல உத்துப் பாக்காதீங்கம்பாங்க. அந்த ரெண்டும் அடுத்தடுத்து வர்ற மாதிரி போட்டேன்.

ஒரு சாயங்காலம் அழுதுட்டா. "எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. யாராவது வந்து நின்னா முதல்ல சிரிக்கணுமா, எழுந்திருக்கணுமா, கேள்வி கேக்கணுமான்னு யோசிக்கிறேன். அதுக்குள்ள அவங்க போயிடுறாங்க. முன்னாடி எப்படிப் பேசினேன்னே ஞாபகம் வரல. வீட்டுல என் பொண்ணு, 'அம்மா ஏன் என்கிட்டயும் ஆபீஸ் மாதிரி பேசுறாங்க'ன்னு அவ அப்பாகிட்ட கேட்டிருக்கா."

எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. தலையைத் தடவிக் கொடுத்தேன். "இதுக்குப் போய் யாராவது அழுவாங்களாடி? தன்னம்பிக்கைக்குன்னே ஒரு பயிற்சி வந்திருக்கு"ன்னேன்.

அங்கேருந்து வந்தவ யார்கிட்டயும் பேசுறதில்ல. அவளாவே கேட்டு, புத்தகம் பழுது பார்க்கிற பின்னறைக்கு மாத்திக்கிட்டா. நாள் பூரா பசை தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் போனா தலையாட்டுவா. வரிசை இப்ப என் மேஜையில. பிள்ளைங்களுக்கு வேற போக்கிடம் இல்லதான், இருந்தாலும் வரிசை வரிசைதானே.

ஆமாங்க, தெரிஞ்சேதான் பண்ணேன். அவ பேச்சைக் கெடுக்கணும்னு நினைச்சேன், கெடுத்தேன். ஆனா அவளை நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல, வேணும்னா கேட்டுப் பாருங்க.

இதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க அதட்டல, மிரட்டல. "என்னம்மா நடந்துச்சு?"ன்னு கேட்டீங்க, நானே எல்லாத்தையும் கொட்டிட்டேன். உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடி வெளியில உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வர்றவங்க எல்லாரும் உங்களைத்தான் தேடுறாங்க. பக்கத்து அறையில உங்க மேலதிகாரி, பாவம், ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். விசாரணை அதிகாரிங்களுக்குன்னு அடுத்த மாசம் ஒரு நல்ல பயிற்சி நடக்குதாம், கேள்வி கேட்கும் முறைகள்னு. அப்பவே அவர்கிட்ட உங்க பேரைச் சொல்லிட்டேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல்லு.