எட்டு வகைச் சொல்லும் பூட்டிய கதவும்

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த தையற்காரப் பெருமக்களே! மடியில் மழலையும் மனத்தில் வீட்டுக் கவலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! பகலெல்லாம் ஊசியோடு உழைத்துவிட்டு, மாலையில் என் வகுப்பில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆசிரியையின் பணிவான வணக்கம்.

ஆண்டு விழா மேடையில் சாதனையைச் சொல்லுங்கள் என்றார்கள். என்னிடம் இருப்பது சாதனை அல்ல, வேதனை.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் தையல் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பைத் தொடங்கினேன். எடுத்த எடுப்பில் எதைக் கற்பித்தேன்? வழி கேட்கவா? வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லவா? இல்லை ஐயா, இல்லை! நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்வெர்ப், அட்ஜெக்டிவ், ப்ரெப்பொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன்! ஆங்கிலச் சொல்வகை எட்டையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்க வைத்தேன். அதோ, பின்வரிசையில் இப்போதும் யாரோ கூடவே ஒப்பிக்கிறீர்கள். போதும் தாயே, நிறுத்துங்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தோடு விட்டேனா? சட்டமும் போட்டேன். எது பெயர், எது வினை, எந்தக் காலம் என்று மனத்துக்குள் சரிபார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும். தப்பாகப் பேசினால் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். என் கூடப்பிறந்த தங்கை, இஸ்திரி மேசையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவள், அவளையும் நிற்க வைத்தேன்.

"கால் கடுக்குதுக்கா" என்றாள்.

"இங்க நான் அக்கா இல்ல, டீச்சர்" என்றேன். என்ன திமிர் பாருங்கள் எனக்கு!

சென்ற ஆண்டு ஆய்வு அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் அறியாதவர். இஸ்திரிப் பிரிவின் பின்கதவு வேலை நேரத்தில் பூட்டியே கிடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. என் தங்கையிடம் நின்று, இங்கே ஏதாவது குறை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். 'டோர் லாக்' என்றிருந்தால் போதாதா? கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதாதா? அவள் வாய் திறக்கவே இல்லை. குறையில்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

இருபதே நாளில் அங்கே தீப்பிடித்தது. பதினோரு பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டு! ஜன்னலை உடைத்து எல்லோரும் உயிர் தப்பினார்கள். என் தங்கையின் வலக்கை வெந்துபோனது. ஐயோ என்று அலறுவது இன்டர்ஜெக்ஷன் என்று கற்பித்தவள் நான். அன்று வகுப்புக்குச் சீக்கிரமே வந்து, அந்த அலறலை வெளியே நின்று கேட்டவளும் நான்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "ஏண்டி, அந்த ஆளு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?"

"தப்பில்லாம சொல்லணும்னு மனசுக்குள்ள கோத்துக்கிட்டே இருந்தேன்கா. முடிக்கறதுக்குள்ள அவரு அடுத்த மேசைக்குப் போயிட்டாரு."

கதவைப் பூட்டியது நிர்வாகம், மறுக்கவில்லை. அவள் வாயைக் கட்டியது யார்? நான்தான் ஐயா, நானேதான்!

இலக்கணம் வேண்டாம் என்கிறேனா? வேண்டும், ஆனால் பேச்சு பிறந்த பிறகு வரட்டும். தப்பாகப் பேசுங்கள்! தடுமாறிப் பேசுங்கள்! தலையும் வாலும் இல்லாமல் பேசுங்கள்! ஆபத்து என்றால் அடுத்த நொடியே பேசுங்கள்! கைதட்டாதீர்கள் அம்மா, இதை மூன்று வருடம் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை அதே அதிகாரி மறுபடியும் வருகிறார். பின்கதவில் மறுபடியும் பூட்டுத் தொங்குகிறது. இம்முறை எல்லோருக்காகவும் பேச என் தங்கையே முன்வந்திருக்கிறாள். நேற்று அவளிடம், "நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்டி, தைரியமா இருக்கும்" என்றேன்.

அவள் சொன்னாள்: "வேணாம்கா, கோவிச்சுக்காத. உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு வாயே வராது. நீ வராம இருந்தா நான் சொல்லிடுவேன்."

நான் போகப் போவதில்லை. அவளோடு நீங்கள் நில்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு வந்து எனக்குச் சொல்லுங்கள். எப்படிச் சொன்னாள் என்று கேட்கமாட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள மேடை தந்த சங்கத்துக்கும், பாதியில் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.