மூச்சு வாங்கிய இடம்

விளாத்திகுளம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்: "நேத்து கோயில்ல எங்க வீட்டுக்காரவிய தப்பாப் பாடுனதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்க்கா."

"நெஞ்சு நோவுல ஆஸ்பத்திரியில கெடந்த மனுசன். வாயத் தொறந்து பாடுனதே பெருசுல்லா?"

"அதுக்குத்தான் சொன்னேன். ஆனா நீட்டிப் பாடுத இடத்துல மூச்சு முட்டி நிறுத்திட்டாவல்லா, வெக்கப்பட்டு இனி கொயர்ல பாடவே வரமாட்டேங்காவ."

"ஏட்டி, அது யாரு பாட்டு தெரியுமா? கப்பல்ல வேலை பாக்குத என் தம்பி கேசட்டு கொண்டாந்தான். அமெரிக்காவுல ஒரு கறுப்பினத்து அம்மா பாடுன காதல் பாட்டு."

"காதல் பாட்டையா கோயில்ல பாடுதோம்?"

"மெதுவாப் பேசு, பாஸ்டருக்குத் தெரியாது. அதையே பெறகு ஒருத்தரு வேகமாப் பாடிருக்காரு, இன்னொருத்தி அழுதுகிட்டே பாடிருக்கா. நான் அந்த மெட்டுக்கு ஆண்டவரப் பத்தித் தமிழ் வார்த்தை போட்டு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். யாரும் முந்திப் பாடுனவிய மாதிரி பாடலியே."

"அதுக்கு?"

"உன் வீட்டுக்காரரு நிறுத்துன இடத்துலயே இனி நாங்க எல்லாரும் நிறுத்தி மூச்சு வாங்குவோம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா."

அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "இப்பவே இறங்கிப் போயி அவியகிட்ட சொல்லணும் போல இருக்குக்கா" என்றாள்.