இஸ்திரி மிஷின் கைமாறியது பற்றி வண்டிக்காரர் சொன்னது

என் பெயர் மேலே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி என் மனைவிகூட என்னைக் கூப்பிட்டதில்லை. லொடலொடா என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். வயது ஐம்பத்திரண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. லாண்டரிக்குப் பின்தெருவில், பேக்கரிக்கு மேலே உள்ள அறையில் குடியிருக்கிறேன். ஓட்டல்களிலிருந்து அழுக்குத் துணியை லாண்டரிக்குக் கொண்டுவந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வண்டி ஓட்டுகிறேன்.

லாண்டரியை நடத்திவந்த அக்கா போன மாதம் காலமாகிவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய அண்ணன் மகன்தான் வாரிசு என்பதால் கடையும் சாமான்களும் அவனுக்குச் சேரும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நல்ல பையன், அடக்கத்தின்போது அழுது அவனுக்கு முகமே வீங்கிவிட்டது. அவன் புகார் கொடுத்திருப்பது, கடையில் இஸ்திரி போட்டுவந்த பெண் நீராவி இஸ்திரி மிஷினைத் திருடித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று. அவள் வாயே திறக்கமாட்டாள், அதனால் நான்தான் அவளுக்குச் சத்தம் என்று பெயர் வைத்தேன். அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த மிஷினை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, "எனக்கப்புறம் இந்த மிஷின் சத்தத்துக்குத்தான்" என்று அண்ணன் மகனிடமும் என்னிடமும் சொன்னது உண்மை. அப்படி வாயால் சொன்னது மட்டும் செல்லாது, தனக்குப் பிறகு என்றால் உயில் எழுதியிருக்க வேண்டும் என்று அவனுடைய வக்கீல் சொல்வதாக அறிகிறேன். அதைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான், "நீங்க போனப்புறம் குடுத்தா அவ மூஞ்சி எப்படி மலருதுன்னு யாரு அக்கா பாப்பாங்க? குடுக்கறத இப்பவே குடுத்துத் தொலைங்க" என்று கேலி செய்தேன். அக்கா துண்டை எடுத்து என்மேல் எறிந்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் கழித்து, நான் துணி இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டு, மிஷினைச் சத்தத்தின் ஜன்னலோர மேஜைப் பக்கம் தள்ளச் சொன்னார். நானும் சத்தமும் சேர்ந்து தள்ளினோம். அதன் பிறகு அக்கா மிஷினின் சுவிட்சுப் பெட்டிச் சாவியைத் தன் வளையத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்து, "இந்தா, இன்னிலேருந்து இது உன்னோடது. எனக்கப்புறம் இல்ல, இன்னிலேருந்து" என்றார். அவள் சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். "ஏம்மா, வாயை வாடகைக்கா விட்டிருக்க? ஒரு சரின்னாவது சொல்லு" என்றேன். அவள் சொல்லவில்லை.

கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கியவரும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் தாங்கள் விளக்கி, ஏற்றுக்கொண்டதற்கு அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். முதலில் இல்லை என்றேன். அதன் பிறகு யோசித்துப் பார்த்ததில் ஞாபகம் வந்ததைச் சொல்கிறேன்.

அக்கா எத்தனையோ வருடமாக டீ கிளாஸை அந்த மிஷின் தலையில்தான் வைப்பார். அதில் வட்டமாகக் கறையே உண்டு. சாவி கொடுத்த மறுநாளும் அப்படித்தான் வைத்தார். சத்தம் இஸ்திரியை நிறுத்திவிட்டு, "அக்கா, கிளாஸை எடுங்க. என் மிஷின் மேல வைக்காதீங்க" என்றாள். நான் மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். அக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்து, "கேட்டியாடா லொடலொடா, முதலாளி அதட்டுறாங்க" என்று சொல்லி, கிளாஸை எடுத்துக்கொண்டு, வைக்க இடம் தேடி, முக்காலியின்மேல் வைத்தார். சத்தம் ஈரத்துணியால் அந்தக் கறையைத் தேய்த்தாள். அதற்குப் பிறகு அக்கா ஒருநாளும் மிஷின்மேல் கிளாஸ் வைத்து நான் பார்க்கவில்லை.

அக்கா இறந்த அன்று கடையை அண்ணன் மகன்தான் திறந்தான். கூட நான் இருந்தேன். பாதி டீயோடு கிளாஸ் முக்காலியின்மேல் இருந்தது. அவன் அதைக் கையில் எடுத்து, "அத்தை எப்பவும் மிஷின் மேலதானே வைப்பாங்க, இதென்னண்ணே இங்க இருக்கு?" என்று கேட்டான். அவன் அழுதுகொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். அவன் கேட்டதற்கு இதுதான் பதில். இதை அவனுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளதை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கேலியாகச் சொன்னதும் நடந்ததுதான், கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)