வீடியோ பெட்டியில் வரைந்த முகம்

– அந்தக் கதவுகிட்டப் போவாதீங்க பாய். உள்ள தாப்பா போட்டுக்கிட்டுக் கெடக்கறாரு. பொண்டாட்டி நான் கூப்புட்டே வரல, உங்க கொரலக் கேட்டா வந்துருவாரா?

– ராஜமேரிக்கா, சொல்றதக் கேளுங்க. அருள் அண்ணங்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடறேன். அவரு வெளிய வர வேணாம், உள்ள இருந்தே கேக்கட்டும்.

– நீங்க பேசி ஆவப் போறது ஒண்ணுமில்ல. அரூர் பஸ் ஸ்டாண்டுல வீடியோ கேம் கடை போட்டு ஊர்ப் பசங்க புத்தியக் கெடுத்தீங்க. அது உங்க பொழப்பு, நான் கேக்கல. எம் புருசன் மூஞ்சிய எதுக்கு அந்தப் பெட்டியில வரைஞ்சீங்க? அதுவும் பூதம்னு!

– நான் வரையலக்கா. பெயிண்டர் தர்மன் வரைஞ்சான்.

– வரையச் சொன்னது யாரு?

– நாந்தான்.

– அப்பறம் என்ன, பெருசா பேச வந்துட்டீங்க?

– எனக்கு மனசு கேக்கலக்கா. இன்னிக்கி உங்க பொண்ணு வேளாங்கண்ணிக்குக் கல்யாணம்னு தெரியும். காலைல கடையத் தொறந்தா பசங்க அதத்தான் பேசிச் சிரிக்கறானுங்க, பொண்ணோட அப்பா கோயிலுக்கு வரமாட்டேன்னு உள்ள உக்காந்துட்டாருன்னு. காசு போட்டு ஆடிக்கிட்டு இருந்தவனையெல்லாம் வெளிய போங்கடான்னு சொல்லிட்டு ஓடியாறேன்.

– சிரிக்கட்டும், நல்லாச் சிரிக்கட்டும். எம் பொண்ணு எதுத்தாப்ல தெரசா வூட்டுல சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பொறப்படறதுக்கு முன்னாடி ஆத்தா அப்பன் முன்னால முட்டி போடணும், நாங்க நெத்தியில சிலுவ போட்டு அனுப்பணும். எங்கள்ல அதுதான் வழக்கம். அப்பா கையி நெத்தியில படாம கோயில் படி ஏறமாட்டேங்கறா. சேலத்துல நர்சு வேலைக்குப் போன புள்ள, கல்யாணத்துக்குன்னு இப்பத்தான் வந்திருக்கா. வந்ததுல இருந்து அப்பா அப்பான்னுதான் கேக்கறா. இவரு இப்படி. சாமியாரு யாருக்காகவும் பூசைய நிறுத்தமாட்டாரு.

– அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கும் வரலயாமே?

– எங்க வந்தாரு? எந் தம்பிதான் அவரு எடத்துல உக்காந்தான். நாந்தான் உக்காரச் சொன்னேன். சபையில நாலு பேரு பாத்தா இவருக்குச் சங்கடம்னு. குவாரியில வெடி முந்திக்கிட்டு வெடிச்சி மூஞ்சி வெந்துச்சே, அன்னியில இருந்து நான் அவர எப்படி வச்சிருக்கறேன்னு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். வூட்ல கண்ணாடி கெடையாது, எல்லாத்தையும் எடுத்துப் பரண் மேல போட்டுட்டேன். சோத்தத் தட்டுல வச்சிட்டு நான் அந்தாண்ட போயிடுவேன், நிம்மதியாத் தின்னட்டும்னு. ஒரு வார்த்த அந்த மூஞ்சியப் பத்திப் பேசுனது கெடையாது.

– உங்களுக்குத் தங்கமான மனசுக்கா.

– தங்கமா இருந்து என்ன பண்ண? சந்தைக்காச்சும் போய்க்கிட்டு இருந்தாரு. உங்க பெட்டி வந்துச்சி, அதுவும் நின்னு போச்சி. பசங்க சோடா மூடியக் கல்லால தட்டித் தட்டி, நட்சத்திரமாட்டம் வெட்டிக் கையில வச்சிக்கிட்டு, இவரு வந்தா வீசறானுங்க. ஒரு நாளு சட்டைக் காலர் பூரா ரத்தம். சந்தையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்டுலயே இருங்கன்னு சொல்லிட்டேன். நட்சத்திரத்த வீசணும்னு அதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா பாய்?

– அது ஆட்டத்துல வருதுக்கா. கறுப்புத் துணியால மூஞ்சிய மூடுன ஒருத்தன், நிஞ்சான்னு பேரு, ஜப்பான்காரன். கத்தியும் நட்சத்திரத் தகடும் வச்சிக்கிட்டுத் தாவித் தாவி வருவான். எதுக்க வர்ற பூதத்தையெல்லாம் கொல்லணும்.

– அந்தப் பூதமெல்லாம் எங்க இருந்து வந்துச்சாம்?

– நெசத்துல அதுங்க பூதம் இல்ல. மனுசங்கதான். பெங்களூர்ல பெட்டி வித்தவரு கதையச் சொன்னாரு. ஏதோ ஃபேக்டரி மருந்து ஆத்துல கலந்துடுது, அந்தத் தண்ணியக் குடிச்சவங்களுக்கு ஒடம்பெல்லாம் உருமாறிப் போயிடுது. கடைசியில நிக்கற பெரிய பூதம் இருக்குதே, அது ஆத்தோரம் மீன் புடிச்சிக்கிட்டு இருந்த ஆளாம்.

– மனுசன்னு தெரிஞ்சுமா கொல்லச் சொல்றீங்க?

– கொல்லாம அடுத்த கட்டத்துக்குப் போவ முடியாதுக்கா. ஆட்டம் அப்படி.

– நல்ல ஆட்டம் கண்டுபுடிச்சாங்க.

– பசங்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. சொன்னாலும் எவன் காதுல வாங்கறான்? எல்லாம் பெட்டிய ஏத்திக்கிட்டு வந்த லாரியில ஆரம்பிச்சது. வர்ற வழியில மழ, பெட்டியில ஒட்டியிருந்த படமெல்லாம் ஊறிக் கிழிஞ்சி போச்சி. மொட்டப் பலகையோட நின்னா யாரு உள்ள வருவா? சினிமா பேனர் வரையறவனாச்சேன்னு தர்மனக் கூப்புட்டேன். அவன் திரையில குனிஞ்சி குனிஞ்சி பாத்தான். ‘பாய், இந்தப் பூதத்துக்கு மூஞ்சியே இல்ல, எல்லாம் கட்டம் கட்டமா இருக்குது, நான் எதப் பாத்து வரைய’ன்னு கேட்டான். ‘யாருக்குப்பா தெரியும், பயங்கரமா ஏதாச்சும் போடு’ன்னேன். அந்த வார்த்த என் வாயில வந்திருக்கக் கூடாதுக்கா.

– வரைஞ்சி கொண்டாந்ததும் உங்களுக்குத் தெரியலயா, இது யாருன்னு?

– தெரிஞ்சிச்சி. வெந்த தோலு, இழுத்துக்கிட்ட வாயி. நம்ம ஊர்ல வேற யாரு? அப்பவே அழிடான்னு சொல்லியிருக்கணும். அதுக்குள்ள பசங்க கூடிட்டானுங்க. பள்ளிக்கூடம் விட்டதும் கடையில நிக்க எடமில்ல. கம்முனு இருந்துட்டேன். தொழுவப் போனாலும் அந்த மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நிக்குது. அதான் கழட்டிக் கொண்டாந்துட்டேன்.

– எதக் கழட்டுனீங்க?

– வாசல்ல சைக்கிள்ல கட்டியிருக்குது பாருங்க, கோணியில சுத்தி. பெட்டியோட பக்கப் பலகை. உங்க கல்யாணச் சமையல் அடுப்பு எரிஞ்சிக்கிட்டுத்தான இருக்குது? அண்ணன் கண்ணு முன்னாடியே அதுல வச்சிடலாம். இனிமே அப்படி ஒரு படம் ஊர்ல கெடையாது. அவரு தைரியமா வெளிய வரட்டும்.

– கோணியப் பிரிங்க.

– எதுக்குக்கா? நல்ல நாளும் அதுவுமா.

– பிரிங்கன்னா பிரிங்க! ஊரே பாத்துச்சி, நான் பாக்கல. உங்க கடைப் பக்கமே நான் வந்தது கெடையாது. எரிக்கறத நானும் பாத்துட்டு எரிக்கறேன்.

– இந்தாங்க. பாத்துப் புடிங்க, ஓரத்துல ஆணி இருக்குது.

– சேசுவே!

– நாந்தான் வேணாம்னேனே. ஏங்கக்கா அதையே உத்து உத்துப் பாக்கறீங்க? இப்படிக் குடுங்க.

– பாய், இது அவரு இல்ல.

– என்னாங்கறீங்க?

– இது அவரு இல்லீங்கறேன். இதுல வலப் பக்கம் வெந்திருக்குது. அவருக்கு எடப் பக்கம்.

– அல்லா! நெசமாவா? அப்பன்னா பசங்ககிட்டச் சொல்லிடலாமே, டேய் இது அவரு இல்லடா, இது யாரோடா, அவருக்கு எடப் பக்கம்டான்னு...

– எடப் பக்கம்தான?

– அக்கா, நீங்க சொல்றீங்களா, என்னையக் கேக்கறீங்களா?

– நீங்க அவரப் பாத்திருப்பீங்கல்ல. தெருவுல எத்தன வாட்டி எதுக்க வந்திருப்பாரு.

– வந்திருக்கறாரு. நான் தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயிடுவேன்க்கா. உத்துப் பாத்தா வருத்தப்படுவாரேன்னு. நீங்க ஒரே வூட்ல இருக்கறவங்க...

– நானும் அதுக்குத்தான் பாய். அவரு வருத்தப்படுவாரேன்னுதான்...

– வலப் பக்கந்தான்.

– ஏங்க! முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கறீங்களா?

– வலப் பக்கந்தான் ராஜமேரி. தர்மன் தப்பா வரையல.

– அருள் அண்ணே, நான் உசேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், மன்னிச்சிடுங்க. இப்பவே இத அடுப்புல வச்சிடறேன்.

– எரிக்காதே உசேனு. இங்கயே வச்சிட்டுப் போ. இந்த வூட்லதான் கண்ணாடி இல்லையே.

– அந்தத் தர்மன நான் சும்மா விடமாட்டேண்ணே. உங்களத் திருட்டுத்தனமாப் பாத்து, ஒளிஞ்சி நின்னு...

– அவன் எதுக்கு ஒளியணும்? நாந்தான் போயி உக்காந்தேன்.

– உக்காந்தீங்களா? எங்கண்ணே?

– அரிசி மில்லு பின்னால, அவன் கொட்டாயில. பீடிக்கு நெருப்புக் கேட்டுப் போனேன். பலகைய முன்னால வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருந்தான். என்னடான்னு கேட்டேன். பூதத்து மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியலண்ணேன்னான். ‘அப்ப என்னையப் போடு’ன்னேன். மாட்டேன்னு அழுவுற மாதிரி நின்னான். நாந்தான் அதட்டி உக்காந்தேன்.

– உங்களுக்கென்ன பைத்தியமா? பூதம் வரையறதுக்குப் போயி மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்காருவாங்களா?

– பூதத்துக்கோ பொம்மைக்கோ, எதுக்கா இருந்தா என்ன? மத்தியானம் பூராவும் ஒரு மனுசன் எம் மூஞ்சியப் பாத்தான் ராஜமேரி. வெடி வெடிச்ச நாளுல இருந்து யாரும் பாக்கல. எதுக்க வர்றவன் செருப்பப் பாப்பான், கடைக்காரன் தராசப் பாப்பான். தர்மன் கிட்ட வந்து, தாவாக்கட்டையப் புடிச்சி வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நல்லாப் பாத்தான். ‘அண்ணே, கண்ணுக்கு ஒண்ணுமே ஆவல, பழையபடியே இருக்குது’ன்னான். எனக்கே அது தெரியாது. அங்கயே உக்காந்து அழுதேன்.

– எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

– எப்பச் சொல்றது? தட்ட வச்சிட்டுத்தான் போயிடறியே.

– அண்ணே, பசங்க தகடு வீசுனாங்களே. ரத்தம் வந்துச்சே. அது என்னாலதான?

– வீசுனானுங்க. வலிச்சிச்சி. ஆனா ஒண்ணு உசேனு, குறி வைக்கறவன் மூஞ்சியப் பாத்துத்தான் வைக்கணும். அந்த வாலுங்களாச்சும் பாத்துச்சிங்க. எனக்கு அடிபட்டது இவளுக்கு எப்பத் தெரிஞ்சிச்சின்னு கேளு. மறுநாளு துணி தொவைக்கறப்ப, காலரப் பாத்துத் தெரிஞ்சிச்சி. அப்பறந்தான் வெளிய போவாதீங்கன்னா.

– பசங்களுக்குப் பயந்து இல்லன்னா, இன்னிக்கி ஏங்க இப்படிப் பண்றீங்க? பெத்த பொண்ணுக்குக் கல்யாணம். எம் மேல கோவம்னா எம் மேல காட்டுங்க, அந்தப் புள்ள மேல காட்டாதீங்க.

– நேத்துப் பந்தல் போடறப்ப தெரசாகிட்ட என்ன சொன்ன?

– என்ன சொன்னேன்?

– சொவருக்கு இந்தாண்ட நானு இருந்தேன் ராஜமேரி. நீ சொன்னது அத்தனையும் கேட்டுச்சி.

– போட்டோக்காரன் வர்றான்... மாப்புள வூட்டு ஆளுங்க வர்றாங்க... சிலுவ போடற நேரத்துக்கு மட்டும் துண்டால மூஞ்சிய மூடிக்கட்டும்னு சொன்னேன். உங்க நல்லதுக்குத்தாங்க சொன்னேன்.

– உசேனு, உன் ஆட்டத்துல மூஞ்சிய மூடிக்கிட்டு வர்றவன் யாரு?

– கொல்றவந்தாண்ணே.

– நான் எதுக்கு மூடணும்? எம் பொண்ணு சாமியார்கிட்டப் போறதுக்கு முன்னாடி எங்கிட்டத்தான் முட்டி போடறா. நர்சு புள்ள, எத்தனையோ புண்ணப் பாத்திருப்பா. அவ நேராப் பாப்பா. எம் பக்கத்துல நின்னு சிலுவ போடப் போறவ நீ. அந்த நேரத்துல நீ எங்க பாப்பேன்னு யோசிச்சேன். காலு எழும்பல.

– தப்புத்தாங்க. அய்யோ மாதாவே, ஒரே வூட்ல ஒரே அடுப்புல ஆக்கிப் போட்டுக்கிட்டு, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாமப் போச்சே! யாரோ பெயிண்டருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. உங்களுக்காகன்னு நெனச்சேங்க. சத்தியமா உங்களுக்காகன்னுதான் நெனச்சேன். எனக்குப் பயமா இருந்துச்சிங்க. பாத்தா நானே மொகஞ்சுளிச்சிடுவனோன்னு பயம். அத உங்க சங்கடம்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேன்.

– அக்கா, அழுவாதீங்க. மணி அடிக்குது, கேக்குதா?

– மொத மணியா பாய்?

– மொத மணிதான். நேரம் இருக்குது. நான் ஓடிப் போயி எதுத்த வூட்ல புள்ளயக் கூட்டியாறேன்.

– கூட்டியாங்க. அப்பா சிலுவ போடறாருன்னு சொல்லுங்க. ஏங்க, துண்டு வேணாம், எதுவும் வேணாம். நான் உங்களப் பாக்கறேன். போட்டோவுலயும் உங்களப் பாத்துக்கிட்டே நிக்கறேன், ஊரு என்ன வேணும்னாலும் சொல்லிட்டுப் போவட்டும். விடிஞ்சதுல இருந்து இந்தக் கதவுக்கு முன்னாலயே நின்னு கத்திக்கிட்டு இருக்கறேன். உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், அந்தத் தாப்பாள எடுங்க.

– தாப்பா எங்க போட்டேன் ராஜமேரி? விடிஞ்சதுல இருந்து கதவு சும்மா சாத்தித்தான் கெடக்குது.