ஐந்தாவது அளவு

கண்ணாடிக் குழாயைக் கழுவுவதுதான் எங்கள் வேலையில் பாதி, ஐயா. உள்ளே துளி அழுக்கு ஒட்டியிருந்தாலும் திரவம் இறங்கும் நேரம் மாறிவிடும். பதினெட்டு வருடத்தில் நான் கழுவிய குழாயை யாரும் குறை சொன்னதில்லை. இதை உங்கள் விசாரணைக் குறிப்பில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை எளிமையானது. பாலிமர் கரைசலைக் குழாயில் ஊற்றி, வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் நிறுத்தி, மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். இரண்டு பாலிமர்கள் கலந்து ஒட்டி உறவாடினால், கலவை நம் கணக்கை விட மெதுவாக இறங்கும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கும், சீக்கிரம் இறங்கிவிடும். ஒவ்வொரு கலவையையும் ஐந்து முறை அளப்போம். ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட்டு மற்ற நான்குக்கும் சராசரி எடுப்போம். அது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். நான் கண்டுபிடித்ததில்லை.

இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்க்கு மேல்பூச்சாக ஒரு கலவையை மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கினேன். கலவை ஒட்டி நின்றால் பூச்சு வழவழவென்று இருக்கும். பிரிந்தால் செதில் செதிலாக உரிந்து இரத்தத்தோடு போகும். நான்கு அளவுகள் இருநூற்றுப் பதினான்கு விநாடியை ஒட்டி வந்தன. ஐந்தாவது நூற்று எண்பத்தேழு.

அதை எடுத்தவள் என் உதவியாளர். எதையும் ஒரு தடவையில் நம்ப மாட்டாள் என்பதால் அவளுக்கு 'மறுபடி' என்று பட்டப்பெயர். சாப்பிடப் போகும்போது குழாயைத் தொட்டியிலேயே விட்டுப் போய், திரும்பி வந்து அளந்திருக்கிறாள்.

"ரெண்டு மணி நேரம் நின்னா பிரியுது சார். மறுபடி ஒரு தடவ பாத்துடலாமா?"

"குழாய சரியா கழுவலம்மா நீ."

"நீங்கதானே சார் கழுவுனீங்க."

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு விடுமுறை நாளில் தனியாக வந்து நானே நிற்கவைத்து அளந்தேன். நூற்று எண்பத்தாறு. இன்னொரு தடவை, நூற்று எண்பத்தைந்து. இவையும் துருத்திக்கொண்டு நின்றதால் இவற்றையும் விட்டேன். அவளுக்குக் கை நடுங்குகிறது என்று மேலதிகாரிகளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

என் பூச்சோடு வந்த புது இதயக்குழாயைப் போட்டவர்களில் இரண்டு பேர் இறந்த பிறகுதான் என் மனைவிக்கு அதே சிகிச்சை தேவைப்பட்டது. அந்த இரண்டு பேர் விஷயம் எனக்குத் தெரியும். டாக்டருக்கு அப்போது தெரியாது.

"புதுசு போடலாமா, பழசே போதுமா? நீங்க செஞ்சதாச்சே, நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

பழையது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாம் போச்சு. நான் யோசிப்பதற்குள் அவள் படுக்கையிலிருந்து சிரித்தாள்.

"இது என்ன டாக்டர் கேள்வி? இவர் செஞ்சது இருக்கும்போது எனக்கு வேற எதுக்கு?"

"புதுசே போடுங்க டாக்டர்" என்றேன்.

மூன்றாம் நாள் செதில் ஒன்று மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை என்னைத் தேற்றும் முகத்தோடுதான் பார்த்தாள். விக்கி விக்கி அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெரிந்தேதான் செய்தேன், மறைக்கவில்லை. ஆனால் பதினான்கு பேரில் மூன்று பேர் இறந்தார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு, ஐயா. என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இதயம் பலவீனம். அவளை விட்டுவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.