மில்லுக் கடுதாசி

ஹலோ... ஹலோ, மில்லு ஆபீஸுங்களா? ...ஆமா, ஆமா சார். பாண்டீஸ்வரி பேசுறேன், ஒக்கூர்லருந்து. ராஜப்ரியாவோட அம்மா. ...ஆமா, காலையில ரெண்டு தடவ அடிச்சேன், நீங்கதான் எடுத்தீக, கட்டாயிருச்சு. ...வைக்காதீக சார், வைக்காதீக! ரெண்டே நிமிசம்.

...இல்ல சார், லீவு கேக்கல. மக கூடப் பேசவும் இல்ல. ஒரு கடுதாசி வேணும். ...கடுதாசி, லெட்டரு. மில்லு சீலு வச்சு.

...ரேஷனுக்கு சார். எங்களுக்கு முப்பத்தஞ்சு கிலோ அரிசி கார்டு. அவ அப்பா கொத்தனாரு. சாரத்துலருந்து விழுந்து மூணு வருசமாப் படுக்கையில கெடக்காக. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. அதப் பாத்துத்தான் அந்தக் கார்டு குடுத்தாக. ...ஆமா. ...இப்ப விசாரிக்க வந்த ஆபீசரு, ஒம்மக மில்லுல வேல பாக்குதாம்ல, சம்பாரிக்கிற ஆளு இருக்குற வீட்டுக்கு இந்தக் கார்டு எதுக்குங்குறாரு. வெட்டுற லிஸ்டுல எங்க பேரையும் எழுதிட்டாரு.

...அழுகல சார். சொல்லுறேன். ...தாலுகா ஆபீஸு வாசல்லதான் நிக்கிறேன். அந்தப் புள்ளைக்கி என்ன வேல, பயிற்சியா நெரந்தரமா, மில்லுல எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுறாரு. அஞ்சு மணிக்குள்ள. இன்னைக்கி விட்டா லிஸ்டு மேல போயிருமாம். நீங்க எழுதி வாட்ஸப்புல அனுப்புனாப் போதும். இங்குட்டு ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கிருவேன்.

...நானா? நான் வேலைக்கிப் போகாமயா இருக்கேன்? நூறு நாள் வேலைக்கிப் போறேன். அதுவும் வேல இருக்குற அன்னைக்கித்தான். மத்த நேரம் அவுகளத் திருப்பிப் படுக்க வைக்க ஆளு வேணும்ல. ஒரே பக்கமாப் படுத்தா முதுகு புண்ணாயிருது... ஆமா, ஆமா, விசயத்துக்கு வாரேன்.

பேரு ராஜப்ரியா. அப்பா பேரு சேவுகப்பெருமாள். ...ஸ்பின்னிங்ல. பொங்கலு முடிஞ்சு சேந்தா. ...நெட்டையா இருப்பா, ரெட்டச் சட போட்டிருப்பா. ...அவதான் சார்.

...என்ன சார்? ...சார்? யார்ட்ட என்னமோ குசுகுசுன்னு பேசுறீக? ...மேனேஜரக் கேக்கணுமா. சரி, கேட்டுட்டு வாங்க. வைக்காதீக, லைன்லயே இருக்கேன்.

...வாரேன் பியூனண்ணே, வாரேன்! மில்லுலதான் பேசிக்கிட்டு இருக்கேன். ஆபீசர்ட்ட சொல்லுங்கண்ணே, செத்த நேரம் பொறுக்கச் சொல்லுங்க.

...ஹலோ? சார்? ...யாரு? ...சத்தமாப் பேசுத்தா, இங்க ஒரே பஸ்ஸு இரைச்சலு. ...மாரீஸ்வரியா? அவ ரூமுல இருக்குற புள்ளயா! அடியாத்தி, உன்னப் பத்தி நெறையச் சொல்லிருக்கா தாயி. நல்லாருக்கியா? நீ எங்க ஆபீஸுல... கூட்டிப் பெருக்க வந்தியா, சரி சரி. ஏத்தா, எம்மக எங்க? ஷிப்டுலயா?

...என்னது?

...எந்த ஆஸ்பத்திரி?

...இரு. இரு தாயி. மொதல்லருந்து சொல்லு. ...திங்கக்கெழமையா? இன்னைக்கி வெள்ளி! நாலு நாளா என் காதுல ஒருத்தரும் போடலயே! ...பஞ்சு சுத்திக்கிருச்சுன்னு எடுக்கப் போனாளா... மிசினு ஓடுறப்பவேவா? நிறுத்திட்டு எடுக்கக் கூடாதா அந்தப் புள்ள? ...நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காகளா.

...எந்தக் கை? ...சோத்துக் கையா. ...எத்தன வெரலு? ...சொல்லு தாயி, தாங்கிக்கிருவேன். சொல்லிரு.

...மூணு.

...இருக்கேன். இருக்கேன்த்தா. ...நீ அழுகாத. ...கண்ணு முழிச்சுப் பேசுறாளா? என்னயக் கேட்டாளா? ...அம்மாட்டச் சொல்லாதீக, அப்பாவ அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்துரும்னாளா? கிறுக்கி... கிறுக்கச்சி... ...மதுரைப் பெரியாஸ்பத்திரி. ம். ...கூட ஹாஸ்டலு வார்டனம்மா மட்டுமா? ...வாராகளா? கீழ வச்சுரு, வச்சுட்டுப் போயிரு! ஒம்பேரு என் வாயில வராது. போ தாயி.

...ஹலோ. ...மேனேஜரு சாரா? வணக்கம் சார். ...ஆமா, ரேஷனு கார்டுக்குத்தான். ...ம். ...ம். ...எழுதித் தாரீகளா? இப்பவேயா? ...என்னன்னு எழுதுவீக? ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க சார்.

...ம். ...போன மாசம் மூணாந்தேதியோட வேலைய விட்டு நின்னுட்டான்னு. ...இப்ப அவளுக்கும் மில்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு. ...ம்.

...வெளங்குது சார். சம்பாரிக்கிற ஆளு இல்லைன்னா கார்டு நெலைக்கும். இதப் பாத்தா ஆபீசரு மறுபேச்சு பேச மாட்டாரு. ...ஆமா. என் நல்லதுக்குத்தான் சொல்லுறீக. ...ஆமா சார்.

போன மாசம் நின்ன புள்ள, இந்தத் திங்கக்கெழம உங்க மிசினுல எப்பிடி சார் கையக் குடுத்துச்சு?

...யாரு சொன்னா என்ன? ...சொல்ல மாட்டேன். ...அத விடுங்க, இதுக்குப் பதில் சொல்லுங்க. நாலு நாளு! எம்புள்ள அங்க கெடக்கு. அதுக்கு ஆத்தா ஒருத்தி இருக்காளேன்னு உங்கள்ல ஒருத்தருக்குக் கூடவா தோணல? ...வைத்தியம் பாக்குறீகளா. நல்லாருங்க. உங்ககிட்ட வேலையே பாக்காத புள்ளைக்கி நீங்க எதுக்கு சார் வைத்தியம் பாக்குறீக?

...கத்தல. கத்தல சார். வைக்காதீக. ...அரிசி வேணாமான்னா கேக்குறீக? வேணாம்னு சொல்ற நெலமையிலயா நான் இருக்கேன்? பானையில நாளைக் காலைக்கித்தான் இருக்கு. உங்க காலுல விழுகுறேன் சார், நெசத்த எழுதிக் குடுங்க. இன்ன தேதியில சேந்தா, இந்தத் திங்கக்கெழம வேல பாக்குறப்ப அடிபட்டுச்சு. அம்புட்டுத்தான். அதப் பாத்துட்டு அவுக கார்ட வெட்டுனா வெட்டட்டும், நான் பாத்துக்கிருவேன். ...ஒரே ஒரு வரி சார். ...கெஞ்சிக் கேக்குறேன்.

...அந்த லெட்டரு இல்லைன்னா ஒண்ணுமே இல்லையா.

...யோசிக்க என்ன இருக்கு. அத நான் குடுத்தா, நாளைக்கி எம்மகளுக்கு நாயம் கேக்க எந்த வாயோட போவேன்? நானே சீலு வச்சுக் குடுத்த மாதிரி ஆயிராதா, அவ உங்க மில்லுல இல்லவே இல்லைன்னு? ...அனுப்பாதீக. அனுப்புனாலும் குடுக்க மாட்டேன். ...வீட்டுல அவுகளப் பாத்துக்கிட பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி இருக்கா. நான் மதுரைக்கிப் போறேன். இனிமே எம்புள்ளைக்கி நாந்தான் சோறு ஊட்டணும் சார். ஊட்டுறப்ப அவ மொகத்த நான் நேராப் பாக்க வேணாமா?

...சார்? ...சார்? ஹலோ... ஹலோ...

...வச்சுட்டாரு.

அண்ணே... ஆபீசர்ட்டச் சொல்லிருங்கண்ணே, கடுதாசி வரல. ...இல்லண்ணே, உக்காரல. மதுரைக்கி அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கிண்ணே?