சார்ஜ்மேன் வீடு எது?

விடியற்காலை நாலே முக்கால். மல்லாபூர் ரோடு. எழுபத்து நாலு, மார்கழி. அப்போது அங்கே ஃபேக்டரி மதிலும் முள்ளுக்காடும்தான்... நாய்கூடக் கிடையாது.

நம் இளங்கோவனின் பெரிய மாமா ஜகதீசன் முதல் ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். இளங்கோ, தப்பாகச் சொன்னால் திருத்து. மனிதருக்கு ஒரு மாதமாக வயிற்றெரிச்சல். நாலு வருஷம் ஜூனியர், பக்கத்து வீட்டு உமாசங்கர், இவரைத் தாண்டி சார்ஜ்மேன், அதாவது மேற்பார்வையாளர், ஆகிவிட்டான். அவன் ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தான், அதற்கும் கூட்டம்! பார்க்க வருகிறவன் எல்லாம் இவர் கதவைத் தட்டித்தான், "சார்ஜ்மேன் சார் வீடு எது?" என்பான். கை காட்டிக் காட்டியே வெந்துபோனார்.

சரக்... சரக்... பின்னால் குளம்புச் சத்தம். பச்சைச் சாணி நாற்றம். திரும்பினால் ஓர் எருமை. மேலே கன்னங்கரேலென்று ஓர் ஆள், தோளில் கயிறு. பால்காரன் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தக் குளிரில் இவர் வாயில் புகை வந்தது. எருமை மூக்கில் வரவில்லை.

தெலுங்கும் உருதுவும் பேசுகிற அந்த ஊரில், அவன் நல்ல தமிழில் கேட்டான். "சார்ஜ்மேன் யாரு?"

இங்கேயுமா! மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டில் எவனுக்குத் தெரியப்போகிறது?

"கைக்கு, எதுக்குக் கேக்குறே? நான்தான்யா சார்ஜ்மேன்!"

அவன் கயிற்றைத் தோளிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஆறு மணிக்குக் கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒரு நிமிஷமாவது நானும் சார்ஜ்மேன்டா!" ஏழு மணிக்கு லேத் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புத் தடம்...

டாக்டர் கைவிரித்துவிட்ட உமாசங்கர் அதே ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான்.

அம்மணி அத்தைக்கு அதுதான் பொறுக்கவில்லை. "எம் புருஷன் ஆயுசுல உக்காந்து காபி குடிக்கிறியாடா, பாவி!" என்று அவன் வாசலில் நின்று கத்தினாள். பதினைந்து வருஷமாக, விடிகாலையில் அந்த ரோட்டில் போய் நிற்கிறாள். யார் போனாலும், கேட்காமலே சொல்வாள்: "சார்ஜ்மேன் வீடா? எங்க பக்கத்து வீடு. ஆளு உள்ளதான் இருக்கான். போங்க."

புருஷோத்தமா, அந்த ஜன்னலைச் சாத்து.

போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக நடந்து வந்தேன். அத்தை நின்றுகொண்டிருந்தாள். அதையேதான் சொன்னாள்... என்னைப் பார்த்து இல்லை. எனக்குப் பின்னால், நன்றாகத் தலையை நிமிர்த்தி, உயரத்தில் பார்த்துச் சொன்னாள்.